அரைப்புள்ளி

காரைக்குடி கல்லுக்கட்டியில்
செல்போன் கடைக்கு மேல்மாடி.
ஏசி போட்டால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும்.
பக்கத்துக்கு எட்டு ரூபாய்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறில்
வடக்குக் கரோலினாவில் யாரோ ஒருவன்
குதிரையில் போய் எடுத்த தலைக்கணக்கைத்
தட்டச்சு செய்கிறேன்.

குடும்பத் தலைவனுக்கு மட்டும்தான் பெயர்.
மற்றவர்கள் கட்டங்கள்.
பதினாறு தாண்டிய வெள்ளை ஆண்.
பதினாறு ஆகாத வெள்ளை ஆண்.
வெள்ளைப் பெண்ணிடம் வயதே கேட்கவில்லை,
தொட்டில் பிள்ளையும் பல் போனவளும் ஒரே கட்டம்.
நான்காவது, பிற சுதந்திர மனிதர்கள்.
ஐந்தாவது, அடிமைகள். அதில் எண் மட்டும்.
வரி கட்டாத பூர்வகுடிக்குக் கட்டமே இல்லை.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே
அரைப்புள்ளி போடச் சொல்லியிருக்கிறார்கள்,
கமா போட்டால் கோப்பு குழம்பிவிடுமாம்.
ஜோசையா வெதர்பீ; 2; 3; 4; 0; 9

கடைக்குப் பின்னால் குடியிருக்கிறார்
கட்டடத்துக்குச் சொந்தக்காரரான நாச்சம்மை ஆச்சி.
கோயில் கணக்கர் புள்ளி வரிக்கு வந்திருந்தார்.
கல்யாணமானவன் ஒரு புள்ளி.
வீட்டுக்காரர் போய் நாலு வருஷம்,
ஆச்சி அரைப்புள்ளி.
ரசீதில் இன்னமும் மெ.ராம. என்றுதான்.
“பாதி ஆளுக்குப் பாதி வரி. லாபந்தானே?”
நோட்டை எண்ணிக்கொண்டே கேட்டார், சிரிக்காமல்.
மாடிக்காரி நான் அந்த நோட்டுப் புத்தகத்தில்
கால் புள்ளியும் இல்லை.

அங்கே பிரதிநிதிகளைப் பங்கிட
ஐந்தாம் கட்டத்து ஆள் ஐந்தில் மூன்று.
வெதர்பீ வீட்டு ஒன்பது பேர்
ஐந்து புள்ளி நான்கு பேர்.
அந்தப் பலமும் வெதர்பீ பக்கமே சேரும்.
கால்குலேட்டரை மூடிய பிறகும்
அந்தப் புள்ளி நான்கு
யாருடைய எந்தப் பக்கம் என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆராய்ச்சியாளர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்:
பையன்கள் நிறைந்த வீடுகள்
பத்து வருஷத்தில் மேற்கே நகர்ந்துவிடுகின்றன,
வரைபடம் அழகாக வந்திருக்கிறது, நன்றி.
வரும். பிள்ளைகள் ஐந்தாறானால் நிலம் போதாது.
இந்தச் சீமை அதைக் கப்பலேறிச் செய்தது.

வெதர்பீ நகரவில்லை.
அடுத்த கணக்கிலும் அதே ஓடைக்கரை.
ஒன்பது மட்டும் ஆறாகியிருக்கிறது.
கழித்தால் மூன்று.
செத்தார்களா, விற்றானா, ஓடினார்களா,
கழித்தல் சொல்லாது.
ஆறில் இரண்டு நடுவில் பிறந்ததாக இருந்தால்
காணாமல் போனது ஐந்து.
மூன்று பிறந்திருந்தால்
நான் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

வெதர்பீக்கு மூன்று வரி கீழே
கெசியா ஸ்டாட், விதவை.
அவளுடைய ஐந்தாம் கட்டத்தில் எண் இல்லை,
சைபரும் இல்லை.
எழுத வந்த பேனா நின்றுபோன மைப்புள்ளி.
சென்னையிலிருந்து மேற்பார்வையாளர் பிரதீப்:
“கறைதான் மேடம். சைபர் போட்டு மேலே போங்க.”

போகலாம்.
இரண்டாயிரத்துப் பத்தில்
கானாடுகாத்தானில் நானும் வீடு எண்ணினேன்.
ஒரே தெருவில் முப்பத்தொரு பூட்டு.
ஒரு வீட்டு வாசலில் பூட்டு,
பின்கட்டில் கொடியில் ஈரத் துணி,
வாட்ச்மேன், மனைவி, இரண்டு பிள்ளைகள்.
சின்னது என் பென்சிலைக் கேட்டது.
மணி ஆறேகால். காரைக்குடி பஸ் ஆறரைக்கு.
பென்சிலை அந்தக் கட்டத்தில் ஊன்றினேன்.
படிவம் நீளம்.
பூட்டிய வீடு என்று எழுதினேன்.

குதிரைக்காரனுக்கும்
இருட்டுவதற்குள் ஏதோ ஓர் ஊர்
போய்ச் சேர வேண்டியிருந்திருக்கும்.

கெசியா ஸ்டாட்; 0; 1; 3; 0;

அதற்கு மேல் தட்டவில்லை.
திரையில் சிவப்பாக வந்தது:
வரி முழுமையாக இல்லை. அப்படியே அனுப்பவா?
அனுப்பு.
எட்டு ரூபாய் போனது.
கீழே ஆச்சி
கணக்கரிடம் பாக்கிச் சில்லறை கேட்டு
இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.